சின்னப் போத்தில்கள்

சின்னப் போத்திலின் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்ற சத்தம்கூட வரவில்லை.

பெரிய போத்திலைத் திறந்தேன். நுரை பீறிட்டு என் சட்டையையும், மனைவி கௌரி அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன அடுப்பையும் நனைத்தது.

ஒரே வாளியில் புளிக்கவைத்த பியர். ஒரே நாளில் அடைத்தது. சின்னது, நான் வேலையால் வந்து மாலையில் ஒன்று குடிக்க. பெரியது, வீட்டுக்கு வருபவர்களுக்கு. சித்திரையிலிருந்து இதே கூத்துத்தான்.

ஜேர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன் நான். இங்கத்தைய பப்பில் தரும் நுரையில்லாத பியரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன். அடுத்த மாதம் டோர்ட்முண்டிலிருந்து என் பழைய ஜேர்மனிக் கூட்டாளி யோகராஜா வருகிறான். என் பியரைப் பற்றி ஒரு வருடமாக அவனுக்குப் போனில் அளந்துவிட்டிருக்கிறேன். அவனுக்கு முன்னால் மானம் போகக் கூடாது.

மூடிகளை மாற்றிப் பார்த்தேன். போத்தில்களைக் கொதிநீரில் கழுவினேன். பொய்லர் அலுமாரிக்குள் வைத்துச் சூடு காட்டினேன். வீட்டுக்குப் புதிதாக எடுத்த பிரோட்பேண்ட் இணையத்தில் நாலு வெள்ளைக்காரர்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

இன்று பிழைக்கு இடமே வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அடைக்கும்போது போடுகிற சீனிதான் போத்திலுக்குள் வாயுவாகிப் பியரைப் பொங்கவைக்கும். காய்ந்த போத்தில்களைக் குசினி மேசையில் அடுக்கி, சின்னதுக்கு அரைத் தேக்கரண்டி, பெரியதுக்கு ஒன்று என்று அளந்து போட்டேன். பிறகு பியர் வாளியைத் தூக்கிவரக் கராஜுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கௌரி மேசையடியில் நின்றாள்.

என் சின்னப் போத்தில் ஒன்றைப் புனலுக்குள் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். புனல் பெரிய போத்திலின் வாயில் இருந்தது.

கோபம் உச்சிக்கு ஏறியது. மூன்று மாதமாக நான் மண்டையைப் போட்டு உடைக்கிறேன், பிழை என் வீட்டுக் குசினியிலேயே நின்று சமைத்திருக்கிறது.

அவள் பதறவில்லை.

“உங்கட போத்திலுக்குள்ள சீனி வேண்டாம். வாற ஆக்களுக்கு வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே.”

போட்ட சீனியை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும், குடிக்கிறவன் வாய்க்கு அது வராது என்று விளக்க வாயெடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னது பங்குனியில். கடிதத்தை வேலைக்கு ஓட்டுகிற வான் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். போன வருடம்தான் இதே வருத்தத்தால் கௌரியின் அண்ணனுக்கு முழங்காலோடு காலை எடுத்தார்கள். பயந்துபோவாள் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

என் தேத்தண்ணீர் எப்போதிருந்து சப்பென்று இருக்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன்.

வெட்கமாக இருந்தது.

கௌரி புனலைத் தொட்டிக்குள் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பாதங்களைப் பார்த்தாள்.

“கால் விறைக்குதோ?”

ஓம் என்றேன்.