ஒரு மூலை

மகள் மிருதுளா இறந்த பிறகு, அவள் விளையாடிய ரூபிக் கியூபை அமுதவல்லி தினமும் திருப்பினாள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எல்லா நிறமும் சேர்ந்துவிடும். ஒரு மூலை மட்டும் நிறம் மாறியே நிற்கும்.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தாள்.

“யாரோ பிரிச்சுத் தப்பா மாட்டியிருக்காங்க, ஆன்ட்டி. நெம்பி எடுத்துச் சரியா மாட்டித் தரவா?”

கீழே விழுந்து சிதறிய துண்டுகளை, அடி விழுமோ என்று அம்மாவைப் பார்த்துப் பார்த்தே மிருதுளா அவசரமாக மாட்டிய மத்தியானம் அமுதவல்லிக்கு நினைவு வந்தது. கியூபைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

“பிரிக்காம, சாகுற வரைக்கும் திருப்பினாலும் சேராதா?”

“சேராது, ஆன்ட்டி.”

அமுதவல்லி நிறங்களைக் கலைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து திருப்பத் தொடங்கினாள்.