கோடு விழாத குச்சி

"கோடே இல்ல! பாரு, ஒண்ணுகூட இல்ல!" ஜின்ஃபா நாற்காலியிலிருந்து குதித்தான். "உன் புருஷன் சுத்தம்!"

சூச்சென் சோதனைக் குச்சியை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவன் வாயைப் பார்த்தாள். பல்லெல்லாம் சிவப்பு.

அடப்பாவி மனுஷா! பாக்கு மென்றுகொண்டே எச்.ஐ.வி. சோதனை செய்தவன் தைவானிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சோதனைக்கு முந்தின அரை மணி நேரம் வாயில் எதுவும் படக் கூடாது என்று பொட்டலத்துத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. படித்தானாம், மூன்று தரம். படித்ததும் பயம் வந்துவிட்டதாம். பயம் வந்தால் அவனுக்கு ஒரு பாக்கு வேண்டும்.

"ஒரு கோடு விழுந்தாத்தான் நல்லது. ரெண்டு விழுந்தா ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு தடவை பாக்கணும். ஒண்ணுமே விழலைன்னா குச்சி வீணாப்போச்சுன்னு அர்த்தம். போ, போய் வாயைக் கழுவு."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. குழாயடிக்குப் போய்ச் சத்தம் போட்டுக் கொப்புளித்தான்.

தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனி சாங்ஹ்வாவிலிருந்து கடல் தாண்டிச் சீனாவின் டோங்குவானுக்குப் போனபோது கூடவே போன மேற்பார்வையாளன் அவன். பதினாலு வருஷம். புத்தாண்டுக்குப் பத்து நாள் வருவான். தின்பான், தூங்குவான், போவான்.

அங்கே ஒருத்தி இருந்தாள். சூச்சென்னுக்கு அது ஐந்து வருஷமாகத் தெரியும். அன்றிலிருந்து புத்தாண்டுக்கு வந்தாலும் அவனுக்கு வாசல் அறை சோபாதான்.

போன வாரம் கம்பெனியை மூடிவிட்டார்கள். பெட்டி படுக்கையோடு ஒரேயடியாக வந்து இறங்கினான்.

அவள் சண்டை போடவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. சோதனை செய்துகொள்ளாமல் என் கட்டில் பக்கம் வராதே என்றாள். அவ்வளவுதான்.

ஏழு நாள் முரண்டு பிடித்தான். "நான் என்ன கண்ட இடத்துலயா மேஞ்சேன்? ஒரே ஒருத்தி. வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்தா."

"அவளும் உன்னை வீட்டு ஆம்பளைன்னுதான் நினைச்சிருப்பா, பாவம்."

கடைசியில் சம்மதித்தான்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அவன் வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் என்ன ஆசை என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவன் சிரிப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டால் இப்போதும் அவளுக்குக் கை வேலை ஓடாது. அதனால்தான் இந்தப் பயமும். கல்யாணம் ஆனவளுக்கு இந்த நோய் வராது என்று எந்தக் கிருமியும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டு கோடு விழுந்தால்கூட உலகம் முடிந்துவிடாது. தினம் மாத்திரை போட்டால் கிருமி ரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும், அப்புறம் கட்டிலில் யாருக்கும் தொற்றாது என்று சுகாதார நிலையத்து நர்ஸ் அவளுக்கு விளக்கியிருந்தாள். எல்லாம் தெரியும். தெரிந்தும் இன்று அவளால் கடையில் நிற்க முடியவில்லை.

கீழே அவளுடைய முடிதிருத்தும் கடை. மத்தியானம் முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்தாள்.

சரியாக அரை மணி கழித்துப் புதுக் குச்சி. மேல் ஈறில் ஒரு இழுப்பு, கீழ் ஈறில் ஒரு இழுப்பு. குச்சியைச் சின்னக் குப்பி மருந்தில் நிறுத்தினான். இருபது நிமிடம்.

ஜின்ஃபா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். ஐந்தாம் நிமிடம் அவன் கை தானாகப் பாக்குப் பைக்குப் போனது. அவள் ஒரு முறை முறைத்தாள். கை திரும்பி வந்தது.

அலாரம் அடித்தது.

ஒரு கோடு. பளிச்சென்று ஒரே ஒரு கோடு.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சூச்சென்னும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அவன் அவளை இடுப்போடு தூக்கப் பார்த்தான். முதுகு பிடித்துக்கொண்டது. அப்பாடா, ஜெயித்தாயிற்று என்று அவளுக்கு இருந்தது.

"இந்தக் குச்சி மூணு மாசத்துக்கு முந்தி நடந்ததைத்தான் சரியாச் சொல்லும். உன்னோட கடைசிக் கூத்து போன மாசம்." அலமாரியிலிருந்து ஆணுறைப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும். அது வரைக்கும் இது இல்லாம கிடையாது."

"நாப்பது பெட்டி வேணும்னாலும் வாங்கி வை, மகாராணி!" அவன் ஒரு சலாம் போட்டான்.

அவள் உட்கார்ந்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு சோதனைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

"அதான் பாத்தாச்சே. இது யாருக்கு?"

"எனக்கு."

"உனக்கு எதுக்கு? நீ எங்க போன?"

"எங்கயும் போகல. பதினாலு வருஷமா இங்கதான் இருந்தேன்."

தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை அவள். மேல் ஈறில் ஒரு இழுப்பு, கீழ் ஈறில் ஒரு இழுப்பு; குச்சி குப்பிக்குள் போய்விட்டது. அலாரத்தைத் திருகி வைத்தாள்.

ஜின்ஃபாவின் கை மறுபடி பாக்குப் பைக்குப் போனது.

"பயப்படாத. எனக்கு இது ஏழாவது தடவை," என்றாள் சூச்சென். "காண்டம் இல்லாம நான் யாரையும் கிட்ட சேத்ததில்ல."