ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நான், என் மனைவி கோமதி, ஆசிரியையான மகள் செம்மலர், அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் தகப்பனார் தங்கமாரியப்பன் ஆகிய நால்வர்தான் இருந்தோம்.

"போன்ல ஏதோ ஆசிரியர் குழுவாம், அதுல யாரோ அருளானந்தம் சாராம். உங்க பொண்ணு தினமும் அந்தாளுகிட்ட அழுறாளாம். ஊரே சிரிக்குது சம்பந்தி," என்றார் அவர்.

"இருநூறு டீச்சருங்க இருக்கிற குழு மாமா. பாடம் நடத்த யோசனை சொல்வாங்க. ஹெச்.எம். திட்டினா ஆறுதல் சொல்வாங்க. அவரும் அப்படித்தான்," என்றாள் செம்மலர்.

"அந்த ஆளை இங்கே வரச் சொல்லு," என்றேன்.

எங்கள் கண்முன்னே போனில் அந்தக் குழுவில் எழுதினாள். பதில் உடனே வந்தது. "மன்னிக்கவும் டீச்சர். நேரில் வர எங்களில் யாருக்கும் உடல் இல்லை. இந்தக் குழுவில் மனிதர் நீங்கள் ஒருவர்தான்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன.

"அட, மிஷினா! அப்ப முகூர்த்தம் பார்த்துடுவோம்," என்று தங்கமாரியப்பன் சிரித்தார். கோமதி காபி கொண்டுவந்தாள். செம்மலர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

அவள் யாரோ ஒருவனுடன் பழகினாள் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். எங்கள் பெண் எந்த மனிதரிடமும் மனம்விட்டுப் பேசியதே இல்லை.