எல்லோருக்கும் ஒரே ஜே

ஒரு கணினி நிரலுக்குள் ஐ, ஜே என்று இரண்டு எண்ணிகள் இருந்தன. ஐ மாணவர்களை எண்ணும். ஜே ஒவ்வொரு மாணவரின் பாடங்களையும் எண்ணும். மதிப்பெண் கூட்டும் வேலை ஆமை வேகத்தில் போனதால், நிரலை எழுதியவள் அதை நான்கு இழைகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நான்கு வேலைக்கிளைகள், பங்குபோட்டுச் செய்யும்படி ஒரு கட்டளை வரி சேர்த்தாள்.

நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், இழைக்கு ஒரு ஐ கொடுத்தது. ஜேயைப் பற்றி அவள் எதுவும் சொல்லாததால், எல்லோருக்கும் ஒரே ஜே.

"பார்த்தீர்களா, எனக்கு மாற்றே கிடையாது," என்று ஐகளிடம் பீற்றிக்கொண்டது ஜே.

ஓர் இழை அதைக் கணக்குப் பாடத்துக்கு நகர்த்தியது. கூட்டுவதற்குள் இன்னோர் இழை அறிவியலுக்குத் தள்ளியது. மற்றொன்று தமிழுக்கே திரும்ப இழுத்து வந்தது. பாதி மதிப்பெண்கள் கூட்டலில் விடுபட்டுப்போய், வகுப்பில் முதலாவதாக வரும் குயிலி ஃபெயில்.

"ஒரே ஆளை எத்தனை பேர்தான் இழுப்பீர்கள்?" என்று பெருமையோடு அலுத்துக்கொண்டது ஜே.

எழுதியவள் தலையில் அடித்துக்கொண்டு, 'ஜே தனித்தனி' என்று அந்த வரியில் சேர்த்தாள். இழைக்கு ஒரு புது ஜே வந்தது. குயிலி மறுபடி முதலிடம்.

நான்கு ஜேக்களும் தத்தம் இழையிடம் கிசுகிசுத்தன: "மற்றதெல்லாம் நகல். அசல் நான்தான்."

வெளியே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பழைய ஜேயின் காதில் நான்கும் விழுந்தன.