ஆற்றங்கரையில் ஓர் இடம்

விடுமுறைப் பயணத்தில் சைக்கிளோடு ரயில் மாறக் கிடைக்கும் நேரத்தை எத்தனை தடவை பார்த்தும் தபால்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இணைப்பு ரயிலைத் தவறவிட்டா?"

"நச்சரிக்காதீங்க. ஆத்தங்கரைக் கூடார முகாமுக்குப் போன் போட்டு இடம் பிடிங்க," என்றாள் மனைவி. ஹாலில் நிறுத்திய கூடாரத்துக்குள் புகுந்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

பேரைச் சொன்னதுமே முகாம்காரர் படபடத்தார். "எங்க சார் போயிட்டீங்க? ஆத்துல தண்ணி எடுக்க நேத்துப் போன ஆளு! உங்க வீட்டம்மா கூடாரத்தை விட்டு நகர மாட்டேங்கிறாங்க."

"நாங்க இன்னும் கிளம்பவே இல்லையே!"

"விளையாடாதீங்க. இதோ, அவங்ககிட்டயே குடுக்கறேன்."

போனில் கூடாரத்து ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

அவருக்குப் பின்னால், ஹாலில், அழுதழுது தொண்டை கட்டிய குரலில் மனைவி கேட்டாள்.

"ஹலோ? எங்க இருக்கீங்க?"