பியானோ பெஞ்சில் ஒரு ஓட்டு

பாஸ்டர் ஓடெல் ப்ரூயிட்டை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று சபை ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் முதல் வரிசையில், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பாஸ்டர் பார்க்கக் கூடாது. அது விதி.

அமெரிக்காவின் டென்னசி மலைப்பக்கத்து பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பிஷப்பும் கிடையாது, போப்பும் கிடையாது. சபை கூப்பிட்டால் பாஸ்டர் வருவார். போகச் சொன்னால் போவார்.

அவர் செய்த குற்றம் இதுதான்: பீடத்தின் அருகே நின்ற தேசியக் கொடியை, ஆலயத்தில் ஆளில்லாத ஒரு திங்கட்கிழமை எடுத்துக்கொண்டுபோய், மடக்கு நாற்காலிகள் அடுக்கும் அறையில் வைத்துவிட்டார். ஆண்டவரின் வீட்டில் ஆண்டவருக்கு மட்டும்தான் இடம் என்றார்.

அன்றிலிருந்து ஊரில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கொடி திரும்ப வரவேண்டும் என்றவர்கள் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். வேண்டாம் என்றவர்களும் சுதந்திரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை.

வேலை போனால் வீடும் போகும். வீடு சபையுடையது. இந்த வயதில் ஓடெலுக்குப் பிரசங்கம் தவிர வேறு தொழில் தெரியாது.

ஒன்பது வருஷமாக எந்த வசனத்தில் ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடிப்பார். உன் மனசாட்சியை எந்த மனுஷனிடமும் கொடுக்காதே. ராஜாவிடம் கொடுக்காதே, புருஷனிடம் கொடுக்காதே, என்னிடமும் கொடுக்காதே. ஆண்டவரைக் கேள். அவர் சொன்னபடி செய்.

ஜனங்கள் தலையாட்டிவிட்டு வறுத்த கோழி சாப்பிடப் போவார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் தீவனக் கடை டாக்கெட். "பாஸ்டர் இருக்கட்டும்கிறவங்க எந்திரிங்க" என்றார். முதுகுக்குப் பின்னால் பெஞ்சுகள் முனகின. "போகட்டும்கிறவங்க?" மறுபடி முனகல். ஓடெலுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

டாக்கெட் ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். சமமாக வந்தால் பாஸ்டர் இருக்கலாம்.

ஓடெலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இருங்க, பியானோ பெஞ்ச எண்ணல" என்றார் டாக்கெட்.

பியானோ பீடத்தின் பக்கத்தில் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் வெர்லீன், பாஸ்டரின் மனைவி. டாக்கெட்டை விட்டால், அந்தக் கூட்டத்தில் ஓடெலின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆள்.

கொடிக்காகக் கட்சி சேர்த்த ஹாய்ட் பின்னாலிருந்து சலித்துக்கொண்டார். "அவர் பொண்டாட்டி யாருக்குப் போடும்னு ஊருக்கே தெரியும். விடுப்பா, தோத்தாச்சு, வீட்டுக்குப் போவோம்."

"மெம்பர்னா மெம்பர்தான். கேட்டாகணும்" என்றார் டாக்கெட். "சிஸ்டர் வெர்லீன், பாஸ்டர் இருக்கட்டுமா?"

வெர்லீன் அசையவில்லை. கேள்வி சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று ஓடெல் நினைத்தார்.

"போகட்டுமா?"

எழுந்து நின்றாள்.

வீட்டுக்குக் கிளம்பிய ஹாய்ட் மறுபடி உட்கார்ந்தார். காரணம் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. அவளாகத்தான் சொன்னாள், கணவரின் முகத்தைப் பார்த்து.

"கொடிய எடுத்தது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேக்காம எடுத்தீங்க பாருங்க, அதுதான். இங்க யாரும் ராஜா இல்லைன்னு சொன்னது நீங்கதானே. ஒரு வாரமா ஆண்டவரக் கேட்டேன், உக்காந்திருக்கவான்னு. எந்திரின்னுட்டாரு."

அவளுக்கும் அதே வீடுதான், அதே சமையலறைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள்.

ஓடெல் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

டாக்கெட் அவள் ஓட்டையும் சேர்த்து எழுதிக்கொண்டார். போகிற பாஸ்டர் கடைசியாக ஏதாவது சொல்லலாம் என்றார்.

ஓடெல் எழுந்து சபையைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருஷம் தொண்டை வறளக் கத்தியதை ஒரு ஆளாவது காதில் வாங்கியிருக்கிறாள்.

"ஆமென்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.