தினம் ஒரு துளி

ஜெசிந்தா தன் சிறுநீரகங்களில் ஒன்றை அக்கா ரோஸ்லினுக்குக் கொடுத்திருந்தாள். பிறகு ஜெசிந்தாவின் கல்யாணத்தில் வந்த சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனாலும் நாகர்கோவிலில் அக்கா விரலைக் குத்திக் கருவியில் வைக்கும் இரத்தத்தில் காம்ப்ளிமென்ட் எனும் காவல் புரதங்களைச் சோதித்த முடிவு, தானம் கொடுத்தவள் என்பதால் கோவையில் இவள் கைப்பேசிக்கும் தினமும் வரும். பச்சை என்றால் அக்காவின் உடம்பு தங்கையின் சிறுநீரகத்தோடு சண்டை போடவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் ஜெசிந்தா காப்பி குடிப்பாள்.

அன்று காலை சிவப்பு வந்தது. இரத்தத்தின் காவல் புரதங்கள் விழித்துக்கொண்டு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தன. ஜெசிந்தா யோசிக்காமல் அழைத்தாள்.

"அக்கா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ."

"எனக்கு ஒண்ணும் இல்லியே. நல்லாத்தானே இருக்கேன்."

"சிவப்பு வந்திருக்கு. உன் உடம்புக்கு இன்னும் தெரியல. கிளம்புக்கா."

ஜெசிந்தா போய்ச் சேர்வதற்குள் மருந்து ஏறி, நிறம் பச்சைக்குத் திரும்பியிருந்தது. வாரம் ஒருமுறை சோதித்தாலே போதும் என்று நர்ஸ் சொன்னது அவளுக்கு வியப்பாக இருந்தது.

"பின்னே ஏன்க்கா தினமும் குத்திக்கிட்டே?"

ரோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ பாப்பேன்னு தெரியும்லா. நல்லா இருக்கேன்னு ஒங்கிட்ட வேற எப்படிச் சொல்ல?"